மாமாவின் கால் ஆடாத ஆல்பம்

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் ‘ஸ்கேன் அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்த வார்டு நர்ஸ்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஏன் என்று கேட்டால், “நீங்க அதட்டுற அதட்டுக்கு வேற எப்படிக் கூப்பிடுறதாம்” என்கிறாள். அக்காவுக்கு வேலை தரைக்குக் கீழே ஒரு மாடி. ஜன்னல் கிடையாது. ஒரு பெரிய அறை, அதன் நடுவே ஆள் படுத்து நுழைகிற குழாய் வைத்த காந்த மெஷின், எதிரே தடித்த கண்ணாடி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவின் நாற்காலி. பத்தொன்பது வருஷமாக அதில் உட்கார்ந்து மைக்கில் “அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் அவள் புலி. உள்ளே போகிறவரின் தோடு, மோதிரம், பல்செட், பெல்ட், சட்டைப் பையில் மறந்துபோன சாவி, ஒன்றும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு முறை முதுகுவலி என்று வந்த ஆஸ்பத்திரித் தலைவரையே, காதுக்குப் பின்னால் செருகியிருந்த பேனாவை வைத்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பியவள். படம் மங்கலாக வந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டுக்குப் போயும் கணவரிடம், “அந்த ஆளு மூச்சைக் கொஞ்சம் மெல்ல விட்டிருந்தா எவ்வளவு நல்ல முட்டி தெரியுமா” என்று புலம்புவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இசை என்றால் கிலோ என்ன விலை. எல்லாப் பாட்டும் அவளுக்கு ஒரே பாட்டுதான். சிலது சத்தமாக இருக்கும், சிலது கொஞ்சம் மெல்ல. கணவர் ரேடியோ வைத்தால், “யாரோ வாசல்ல கூப்பிடுற மாதிரியே இருக்கு, நிறுத்துங்க” என்பாள். அவள்தான் ஒரு பழைய ராக் குழுவின் ஹிட்ஸ் ஆல்பங்களில் எதை எடுப்பது என்று கடையில் நின்று அரை மணி நேரம் வாதாட வேண்டியதாயிற்று. எல்லாம் மாமாவால்.

மாமா அவள் அம்மாவின் தம்பி. பகலில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற வேலை, சாயங்காலமானால் டிரம்ஸ். அவர் குழுவில் நாலு பேர். அந்த நாலு பேரும் வேறொரு நாலு பேருடைய பாட்டை மட்டும்தான் வாசிப்பார்கள். அந்த அசல் நால்வரும் உலகம் முழுக்கப் பேர் போனவர்கள், நால்வருக்கும் தோளுக்குக் கீழே முடி. அசல் டிரம்மர் ஒரு பாட்டில் எந்த இடத்தில் அரை நொடி தாமதிக்கிறாரோ, மாமாவும் அச்சு அசலாக அங்கேயே தாமதிப்பார். முப்பது வருஷமாக ஒரு மாற்றம் கிடையாது. வீட்டு அலமாரியில் அவர்கள் வெளியிட்ட ஹிட்ஸ் தொகுப்புகள் வரிசையாக நிற்கும். “ஒரே பாட்டை மறுபடி மறுபடி வித்திருக்கானுங்க, நீங்களும் அசராம வாங்கியிருக்கீங்க” என்று அக்கா சொன்னால், “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று மாமா பேச்சை முடித்துவிடுவார்.

இந்த வருஷம் மாமாவின் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் ஊசி நழுவியது. பிறகு டிரம்ஸ் குச்சி. பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுவிடவே அவர் மனைவி, அதாவது அத்தை, வேண்டியிருந்தது. அறுவை டாக்டர் தட்டிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். “கழுத்துல நரம்பை ஏதோ அழுத்துது. ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துட்டா கை திரும்பக் கிடைக்கும். தள்ளிப்போட்டா என்னால உறுதி சொல்ல முடியாது. ஆனா தெளிவான படம் இல்லாம கத்தியைத் தொட மாட்டேன்” என்றுவிட்டார். மயக்கம் கொடுத்துப் படம் எடுக்கலாமா என்றால் மாமாவுக்கு இளைப்பு. மயக்க டாக்டர், “ஆபரேஷனுக்கு ஒரு தடவை குடுக்கவே பயந்துக்கிட்டு இருக்கேன், படத்துக்கு ஒரு தடவையா” என்று கையை விரித்தார். ஆக, மாமா முழித்தபடியே முப்பத்தெட்டு நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதானா. மாமாவைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மெஷின் வேலை செய்யும்போது டக் டக் டக்கென்று சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். அதை மறக்கடிக்கத்தான் படுத்திருப்பவர் காதில் பாட்டுக் குழாயை மாட்டுவார்கள். முதல் நாள் அக்கா ஆஸ்பத்திரியின் வழக்கமான டிஸ்க்கைப் போட்டாள். ஆற்றுத் தண்ணீர் சலசலக்கும், பறவை கத்தும். ஏழாவது நிமிஷத்தில் மெஷினை நிறுத்தச் சொல்வதற்காகக் கையில் கொடுத்திருந்த அவசர ரப்பர் பல்பை மாமா அமுக்கினார். விழுந்தடித்து எழுந்து கழிப்பறைக்கு ஓடினார். “காதுக்குள்ள தண்ணியைத் திறந்துவிட்டா அறுபது வயசுக்காரனுக்கு என்ன வரும்னு உங்க ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாதா” என்று திரும்பி வந்து கேட்டார். சரி, பாட்டே வேண்டாம் என்று போட்டால் அது அதைவிட மோசம். மெஷினின் அடியையே எண்ண ஆரம்பித்துவிட்டார். “தாளம் தப்புது மா. பதினஞ்சு அடிச்சு ஒண்ணை விழுங்குது. இதைக் கேட்டுக்கிட்டு மனுஷன் எப்படிப் படுக்கிறது?” விழுங்கின அடியை இவர் தலையை ஆட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். படத்தில் கழுத்தெலும்பு மழையில் நனைந்த கையெழுத்து மாதிரி வந்தது.

மூன்றாம் நாள் மாமா தன் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். சிவப்பு அட்டை, முதல் ஹிட்ஸ் தொகுப்பு. “எங்க ஆளுங்களைப் போடு. சாயங்காலம் வரைக்கும் சவம் மாதிரி கிடப்பேன்” என்றார். அக்கா போட்டாள். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. மூச்சு சீராக வந்தது. நாலு நிமிஷம் படம் அற்புதம். ஐந்தாவது நிமிஷம் வலது கால் பெருவிரல் மெல்ல எழுந்தது.

“மாமா, கால்.”

“எந்தக் கால்?”

“உங்க கால்தான் மாமா. ஆடுது.”

“நான் ஒண்ணும் பண்ணலையே மா.”

பாவம், அவருக்கே தெரியவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள். அக்கா உள்ளே போய் இரண்டு காலையும் பட்டையால் கட்டினாள். தாளம் முழங்காலுக்கு ஏறியது. முழங்காலைத் தலையணை வைத்து அமுக்கினாள். அது தோளுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் கட்டி முடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மாமா புருவத்தால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார். அக்கா மெஷினை நிறுத்தினாள்.

அடுத்து, அதே குழுவின் மெதுவான பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்ட இன்னொரு தொகுப்பு. கால் அசையவில்லை. ஆனால் மூன்றாவது பாட்டில் மாமாவின் நெஞ்சு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் அக்கா ஓடிப்போய்ச் சொன்னாள். அத்தை அசரவில்லை. “அந்தப் பாட்டா? பழைய வீட்டுல ஒரு நாய் வளர்த்தோம். அதை நெனச்சிருப்பாரு. எங்க கல்யாணத்தன்னிக்கிகூட அழாத மனுஷன்” என்றாள்.

மாமாவும் அத்தையும் சிரித்துக்கொண்டேதான் கிளம்பிப் போனார்கள். ஆனால் போகிற வழியில், தண்ணீர் வைத்திருக்கும் மூலையில், மாமா ஒரு பிளாஸ்டிக் டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவதை அக்கா பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதைக் கீழே வைத்து, வலது கையால் மட்டும் எடுத்துப் பார்த்தார். டம்ளர் சாய்ந்து சட்டையெல்லாம் நனைந்தது. மாமா கையில்லாமல் எப்படி மாமாவாக இருப்பார்? அன்று மாலை அறுவை டாக்டர் ஆள் அனுப்பினார்: வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைசியாக ஒரே ஒரு முறை படம் எடுத்துப் பார்க்கலாம். அதிலும் படம் வரவில்லையென்றால் ஆபரேஷனுக்கு மாமாவுக்கு ஒதுக்கிய இடம் அடுத்தவருக்கு. மறுபடி இடம் கிடைப்பதற்குள் இரண்டு வாரமும் தாண்டிவிடும்.

புதன்கிழமை மதியம் அக்கா பழைய இசைத்தட்டுக் கடையைத் தேடிப் போனாள். பூட்டுச் சாவி செய்கிற கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் அது ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு நடுவயது ஆள், நரைத்த முடியைக் குதிரைவால் போட்டுக் கட்டியிருந்தார். அக்கா குழுவின் பெயரைச் சொல்லி, “இவங்க ஹிட்ஸ் தொகுப்புல எது நல்லா இருக்கும்?” என்று கேட்டாள்.

அதைக் கேட்டிருக்கக் கூடாது. குதிரைவால் சந்தோஷத்தில் கல்லாவை மறந்து எழுந்துவிட்டார். மேஜைமேல் ஆறு ஆல்பத்தைப் பரப்பினார். இது சிவப்பு, ஆரம்ப காலம். இது நீலம், உச்சத்தில் இருந்தபோது வந்தது. இது இரட்டை, ஆனால் இரண்டாவது தட்டு அவ்வளவு சுகமில்லை. இது மேடையில் பதிவு செய்தது, கூட்டம் கத்துவதைக் கேட்டாலே புல்லரிக்கும். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது அக்கா தன் தேவையைச் சொன்னாள்.

“கால் ஆடக் கூடாது. அழுகை வரக் கூடாது. கைதட்டல் இருக்கக் கூடாது. முப்பத்தெட்டு நிமிஷத்துக்குக் குறையக் கூடாது.”

குதிரைவால் அவளை மேலும் கீழும் பார்த்தார். “மேடம், அப்ப உங்களுக்கு எதுக்கு ராக்? ஒரு சுவரை வாங்கிப் பார்த்துக்கிட்டு உக்காரலாமே.”

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. மாமாவைப் பற்றி, விரலைப் பற்றி, புருவத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. குதிரைவாலும் டிரம்ஸ் வாசித்த ஆள்தானாம், உடனே முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு ஆல்பமாக எடுத்து, பாட்டுகளை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்து, தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டார். ஆடிற்று. அடுத்ததுக்கும் ஆடிற்று. ஆறுக்கும் ஆடிற்று. “மன்னிச்சுக்கங்க மேடம். இவங்க பாட்டுல கால் ஆடாத பாட்டுன்னா கண்ணு கலங்குற பாட்டு. நடுவுல ஒண்ணும் இல்லை” என்றார்.

அக்கா கிளம்ப எழுந்தாள். அப்போதுதான் கீழ்த்தட்டில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த ஒன்றைப் பார்த்தாள். அதிலும் அதே குழுவின் பெயர்.

“அது என்ன?”

“அதை விடுங்க. வாய்ல சொல்லவே கூசுது. வயசான காலத்துல பழைய டிரம்மரோட சண்டை போட்டு அவரைத் துரத்திட்டாங்க. மிச்சம் மூணு பேரும் கம்ப்யூட்டர் தாளத்தை வெச்சுக்கிட்டு, தங்களோட ஹிட்டையெல்லாம் தாங்களே திரும்பப் பாடிப் பதிவு பண்ணினாங்க. ஆறு வருஷமா விக்காம கிடக்குது. உண்மையான ரசிகன் இதைக் கேட்டா சுண்டு விரல்கூட அசையாது. உடம்பு அப்படியே விறைச்சுப் போயிடும்.”

“கடைசியா சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க.”

“எதை? விறைச்சுப் போயிடும்னா?”

“அதுதான். அழுகை வருமா?”

“கோபம்தான் வரும்.”

“கோபத்துல கால் ஆட்டுவாங்களா?”

“இந்தத் தாளத்துக்குக் கால் ஆட்டினா ஒரு டிரம்மரோட தன்மானம் என்ன ஆகுறது மேடம்?”

“எத்தனை நிமிஷம்?”

குதிரைவால் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “நாப்பத்தொண்ணு.”

“கட்டிக் குடுங்க” என்றாள் அக்கா. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அதைக் கடையைவிட்டு அனுப்பினால் போதும் என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா வந்து படுத்தார். கழுத்துக்கு மேலே கூண்டு மாதிரிக் கவசத்தைப் பூட்டி, இடது கையில் பல்பைக் கொடுத்தாள். மாமா இன்றைக்கு வேடிக்கை பேசவில்லை. “வரலைன்னா என்ன மா பண்றது?” என்று மட்டும் கேட்டார். “வரும் மாமா. புது டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். உங்க ஆளுங்களோட ஹிட்ஸ்தான்” என்றாள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மாமாவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து டிஸ்க்கைத் தள்ளினாள். மூடியிருந்த மாமாவின் கண் படக்கென்று திறந்தது. உதடு இறுகியது. தாடை இறுகியது. இடது கைக் கட்டைவிரல் பல்பின்மேல் போய் உட்கார்ந்தது. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. அமுக்கினால் எல்லாம் முடிந்தது. அவருக்கு எது ஆகாதோ அதைத் தெரிந்தே காதில் ஊற்றியிருக்கிறாளே, பாவி, ஆற்றுத் தண்ணியையே மறுபடி போட்டுக் கழிப்பறைக்கு இரண்டு தடவை போகவிட்டிருக்கலாமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். விரல் அங்கேயே இருந்தது. பிறகு விலகியது.

கால் அசையவில்லை. முழங்கால், தோள், புருவம், எதுவும் அசையவில்லை. திரையில் கழுத்தெலும்புகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன, கோத்து வைத்த மாதிரி. இருபத்தாறாவது நிமிஷத்தில் கட்டைவிரல் மறுபடி பல்பைத் தேடிப் போனது. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறையும் விலகியது. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் பிதுங்கி நின்று நரம்பை நெருக்கிக்கொண்டிருந்த அந்தச் சனியன் பளிச்சென்று தெரிந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கில் எப்போதும்போல, “முடிஞ்சது மாமா” என்றாள்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, “பாட்டு நல்லா இருந்தது மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுதான் அக்காவைப் போட்டு வாட்டியது. பாட்டு விஷயத்தில் மாமா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அக்காவின் மகள் பள்ளி விழாவில் பாடிய பாட்டைக்கூட, “சுருதி வாசல்லயே நின்னுடுச்சு” என்று முகத்துக்கு நேரே சொன்னவர். மனுஷனுக்கு ரசனையே செத்துப்போய்விட்டதோ, பயத்தில் எதையும் கேட்கவே இல்லையோ என்று கணவரிடம் இரண்டு நாள் புலம்பினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் விரலில் பிடி உடனே திரும்பவில்லை. தினமும் காலையில் டாக்டர் கரண்டியைக் கொடுப்பார், அது நழுவும். “பொறுங்க, வரும்” என்பார். நாலாம் நாள் வேலை முடிந்து அக்கா வார்டுக்குப் போனபோது, மாமா கழுத்துப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் மா. அந்த டிஸ்க்கை வேற யாருக்கும் போட்டுடாதே. பாவம், நோயாளிங்க.”

“நல்லா இருந்ததுன்னு சொன்னீங்களே மாமா.”

“வேற என்ன சொல்லச் சொல்ற? நீ பாட்டே கேக்காதவ. எனக்காகக் கடை ஏறி இறங்கித் தேடி வாங்கிட்டு வந்திருக்க. எது அசல், எது குப்பைன்னு உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு தடவை அமுக்கிடலாம்னு விரலை வெச்சேன். அமுக்கினா உன் மனசு நோகுமேன்னு எடுத்துட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.”

கோபமோ பயமோதான் அவரை அசையாமல் பிடித்து வைத்தது என்று அக்கா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அன்பைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

“எனக்குத் தெரியும் மாமா. கடைக்காரர் சொன்னாரு. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். அப்பதான் கால் ஆடாதுன்னு.”

மாமா அவளையே பார்த்தார். “தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சே.”

“கேட்டியா இதை” என்று அத்தை பக்கம் திரும்பினார். முழு உடம்போடுதான் திரும்ப முடிந்தது. “என்னை எரிச்சல் படுத்திப் படுக்க வெச்சிருக்கா.”

“முப்பத்தஞ்சு வருஷமா நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஒருநாளாவது அசையாம இருந்திருக்கீங்களா?” என்றாள் அத்தை, சுளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். “இங்க வா. கிட்ட வா” என்றார். அக்கா குனிந்தாள். சின்ன வயதில் செய்கிற மாதிரி, வலது கையை நீட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவள் காதைப் பிடித்துத் திருகினார்.

“வலிக்குது மாமா.”

“வலிக்கட்டும். திமிரு பிடிச்ச...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அத்தையின் கை உரிப்பதை நிறுத்திவிட்டது. மூவருமே அசையவில்லை. மாமா கையை எடுக்கவும் பயந்து, அப்படியே பிடித்தபடி, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நிஜமாவே வலிக்குதா மா?”

அக்காவின் கண்ணீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது. “நிஜமாதான் மாமா. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க.”